ஒரு ஹவ்தலாத் தொகுப்பு: எருசலேம் வீடொன்றில் ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எருசலேமில் 91 வயதான யூத மூதாட்டி ஒருவரின் வீட்டில் தங்கி, அவரைப் பராமரிக்கும் வேலையில் நான் நான்கு ஆண்டுகளாக இருந்து வருகிறேன். எபிரேயத்தில் பாட்டியை அழைக்கும் ‘சவ்தா’ என்ற சொல்லாலேயே நானும் அவரை அழைக்கிறேன். ஷபாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தலாச் சடங்கைச் செய்யாமல் இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு வாரத்தைக்கூட அவர் கடந்ததில்லை. ருமேனியாவிலிருந்து பெற்றோர் கொண்டுவந்த கோபுர வடிவ வெள்ளி வாசனைப் பெட்டியைப் பேத்தியின் திருமணத்தின்போது அவர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு, ஒரு பழைய ஜாம் புட்டியில் போட்ட கிராம்பும், சேர்த்துப் பிடித்த இரண்டு சாதாரண மெழுகுதிரிகளும், ஒரு கண்ணாடித் தம்ளரும் தமக்குப் போதும் என்று இருந்தார். உண்மையில் சடங்குக்கு அவை போதும். ஆயினும் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு முழுத் தொகுப்பை வாங்கித் தர வேண்டும் என்று அவருடைய பேரனும் நானும் விரும்பினோம்.

மேயா ஷெயாரிம் தெருவில் சமயப் பொருள்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், கிண்ணம், வாசனைப் பெட்டி, மெழுகுதிரித் தாங்கி, தட்டு ஆகிய நான்கும் சேர்ந்த, பித்தளைமேல் வெள்ளி முலாம் பூசிய இறக்குமதித் தொகுப்பு ஒன்றை 260 ஷெக்கலுக்கு வாங்கினோம். ஒரு பின்னல் மெழுகுதிரியும், ஆசியுரைகள் அச்சிட்ட ஓர் அட்டையும் உடன் வந்தன. ஆறு மாதமாக வாரந்தோறும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இந்நாட்டில் என்னைப்போல முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கும் தமிழர்கள் பலர், தாம் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இப்படி ஒன்றைப் பரிசளிக்க நினைப்பதுண்டு. கண்ணாடி அலமாரியில் அழகாகத் தெரியும் பொருள், நடுங்கும் கைக்கும் மங்கிய கண்ணுக்கும் எப்படிப் பயன்படுகிறது என்பதையே அவர்கள் முதலில் அறிய வேண்டும் என்று கருதுகிறேன்.

ஹவ்தலா என்றால் பிரித்தல் என்று பொருள். வானத்தில் மூன்று விண்மீன்கள் தெரியும் நேரத்தில் ஷபாத் முடிகிறது. எருசலேமில் இது ஜூன் மாதக் கடைசியில் இரவு எட்டரை மணி வாக்கிலும், டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்தேகால் மணி வாக்கிலும் அமையும். அப்போது நான்கு ஆசியுரைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: முதலில் திராட்சை மதுவுக்கு, அடுத்து வாசனைப் பொருளுக்கு, அடுத்து நெருப்பின் ஒளிக்கு, கடைசியாகப் புனிதத்தையும் அன்றாடத்தையும், ஒளியையும் இருளையும், ஏழாம் நாளையும் ஆறு வேலை நாள்களையும் பிரித்து வைத்த இறைவனுக்கு. வாய், மூக்கு, கண் என்று வரிசை மேலே ஏறிச் சென்று அறிவில் முடிகிறது என்று சவ்தா எனக்கு விரலால் முகத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அன்று முதல் அந்த வரிசை எனக்கு மறக்கவில்லை. தொகுப்பில் உள்ள பொருள்களையும் அதே வரிசையில் பார்ப்பது முறையாக இருக்கும்.

கிண்ணத்தைப் பொறுத்தவரை முதலில் கவனிக்க வேண்டியது கொள்ளளவு. சடங்குக்குரிய குறைந்த அளவு ‘ரெவியீத்’ எனப்படும். அதை இன்றைய அளவையில் 86 மில்லிலிட்டர் என்று ரபி (யூத சமய அறிஞர்) ஹயீம் நயே கணக்கிட்டார். ஹஸோன் ஈஷ் என்று அறியப்பட்ட ரபியின் கணக்கில் அது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். மருந்து அளக்கும் குவளையால் அளந்து பார்த்ததில், இந்தக் கிண்ணம் விளிம்புவரை 130 மில்லிலிட்டர் கொள்கிறது. சவ்தாவின் குடும்பத்தார் முதல் கணக்கைப் பின்பற்றுவதால் எங்களுக்கு இடையூறு இல்லை. கடுமையான கணக்கைப் பின்பற்றும் வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால், பெட்டியின்மேல் கொள்ளளவு அச்சிடப்படாத கிண்ணத்தை அளக்காமல் வாங்கக்கூடாது. கிண்ணத்தின் தண்டு மெலிந்து, மேற்பகுதி அகன்று இருப்பதால், நிறைந்த நிலையில் தூக்கும்போது மேல்பாரம் மிகுகிறது. கைவிரல் மூட்டுகள் வீங்கிய ஒருவருக்கு இது நல்ல வடிவமன்று. முதல் வாரத்திலேயே சவ்தா அதைத் தண்டில் பிடிக்க முடியாமல், அடிப்பாகத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஐந்து விரல்களையும் சுற்றி நிமிர்த்திப் பிடித்தார். அப்படிப் பிடிக்கும் வழக்கமும் உண்டாம். மலரின் இதழ்களைப்போல் விரல்கள் கிண்ணத்தைத் தாங்கி நின்றன. அதற்கு அடிப்பாகம் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பது உதவியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கடையில் பணியாற்றிய இளைஞர் ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பெரிதும் உதவினார். யூதரல்லாதார் தயாரித்த உலோகப் பாத்திரத்தையும் கண்ணாடிப் பாத்திரத்தையும் உணவுக்குப் பயன்படுத்தும் முன்னர், மிக்வே என்னும் சமயக் குளத்தில் மூழ்கவைத்து எடுக்க வேண்டும். தொகுப்பு இறக்குமதி என்பதால் கிண்ணத்துக்கு அது தேவை என்பதை அவர் தாமாகவே எடுத்துச் சொன்னார். ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பசையைச் சுத்தமாக நீக்கிவிட்டு மூழ்கவைக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினார். பேரன் அதைச் செய்து கொண்டுவந்தார். பரிசாக வாங்கும் யூதரல்லாத ஒருவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விற்பவர் சொல்லியிருக்காவிட்டால் பிறந்தநாளன்று கிண்ணம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் பராமரிப்பாளர்கள் அறிந்திருப்பது நல்லது. காய்ச்சப்படாத கோஷர் மதுவை, அதாவது யூத உணவு விதிகளுக்கு உட்பட்ட மதுவை, யூதரல்லாதவர் கையாண்டுவிட்டால், சமய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அதைக் குடிக்கமாட்டார்கள். காய்ச்சியது என்ற பொருளில் ‘மெவுஷால்’ என்று அச்சிட்ட புட்டிக்கு அந்தத் தடை இல்லை. சவ்தாவுக்கு இரத்த அழுத்த மாத்திரைகள் இருப்பதால் நாங்கள் மதுவுக்குப் பதிலாக மெவுஷால் என்று குறிக்கப்பட்ட திராட்சைச் சாற்றை வாங்குகிறோம். ஆகவே ஊற்றுவது என் வேலையாகவே இருக்கிறது. வரும் வாரம் நிறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கிண்ணம் வழிந்து தட்டில் சிந்தும்வரை ஊற்ற வேண்டும். இங்கேதான் இந்தத் தொகுப்பின் முதற்குறை வெளிப்படுகிறது. தட்டின் விளிம்பு மிகவும் தாழ்வாக இருக்கிறது. ஒரு தேக்கரண்டி அதிகமாகச் சிந்தினாலும் சாறு மேசைவிரிப்பில் இறங்கிவிடும். வழிவதற்கென்றே வைக்கப்படும் தட்டைச் செய்தவர்கள் அதில் எவ்வளவு வழியும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது வாசனைப் பெட்டி. ஷபாத் நாளில் மனிதருக்கு ஒரு கூடுதல் ஆன்மா அருளப்படுகிறது என்றும், நாள் முடிந்ததும் அது பிரிந்துவிடுகிறது என்றும் பண்டைய யூத சமய விவாதங்களின் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அந்தப் பிரிவால் சோர்ந்த உள்ளத்தைத் தேற்றவே நறுமணம் முகரப்படுகிறது. முற்காலத்தில் மிர்ட்டில் என்னும் மணச்செடியின் இலைகளை முகர்ந்தார்கள். எபிரேயத்தில் அச்செடியின் பெயர் ‘ஹதாஸ்’. ஐரோப்பாவில் கிராம்பும் பட்டையும் அதன் இடத்துக்கு வந்த பின்னரும் பெட்டியை ஹதாஸ் என்றே அழைத்தார்கள். கீழைநாட்டு யூதர் பலர் இன்றும் பசிய இலைகளையோ பன்னீரையோ பயன்படுத்துகின்றனர். எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இப்பெட்டிகளின் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் செய்யப்பட்ட வெள்ளிக் கோபுரங்கள், சிறு கதவுகளும் உச்சியில் கொடியுமாக, உள்ளங்கையில் ஏந்தக்கூடிய மணிக்கூண்டுகளைப்போல் நிற்கின்றன. வெள்ளிக் கம்பியைச் சரிகைபோல் பின்னிய பெட்டிகளில் உடல் முழுவதுமே துளை என்பதால் மணம் எத்திசையிலும் வெளிவரும்.

நாங்கள் வாங்கிய பெட்டியும் கோபுர வடிவம்தான். ஆனால் துளைகள் கோபுரத்தின் மேல்வரிசைச் சன்னல்களில் மட்டும் வெட்டப்பட்டுள்ளன. கீழே உள்ள சிறு கதவைத் திறந்து கிராம்பை நிரப்ப வேண்டும். கிராம்பு அடியில் கிடக்க, மணம் மேலே ஏறித் துளைகளை அடைய வேண்டியிருக்கிறது. எனக்கே மெல்லிய மணம்தான் வந்தது. வயது ஏற ஏற முகரும் திறன் குறைவது இயல்பு. சவ்தாவுக்கு எதுவுமே வரவில்லை. ஆசியுரையைச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூக்கருகே வைத்து அவர் காத்திருந்த அந்தச் சில நொடிகளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. நுகராத மணத்துக்கு ஆசி சொன்னதாகிவிடுமோ என்று அவரே கவலைப்பட்டார். அடுத்த வாரம் கதவைத் திறந்து, அந்த வாயிலை மூக்கருகே பிடித்தோம், அப்போதும் போதவில்லை.

குறை பாதி பெட்டியிலும், பாதி அதனுடன் தரப்பட்ட கிராம்பிலும் இருந்தது. நெடுநாள் கடையில் கிடந்த கிராம்பு, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியாமல் பொடிந்தது. நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்க் கிராம்பு மாறாமலைத் தோட்டங்களிலிருந்து வருவது. விடுமுறைக்குப் போய் வந்தபோது கால் கிலோ எடுத்து வந்திருந்தேன். நல்ல கிராம்பின் மொட்டுத்தலை உதிராமல் இருக்கும். காம்பை நகத்தால் கீறினால் எண்ணெய் பளபளக்கும். சவ்தா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, நெடுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. நான்கைந்து கிராம்புகளைச் சடங்குக்குச் சற்றுமுன் அவரே நகத்தால் கீறி, ஒடித்த பட்டைத் துண்டு ஒன்றுடன் பெட்டியில் போடுகிறார். இப்போது மணம் அவரை எட்டுகிறது. மணம் மங்கியதாகத் தோன்றும் வாரங்களில், இந்நகரத்துத் தெருவோரங்களில் வேலியாக வளர்ந்து கிடக்கும் ரோஸ்மேரியின் ஒரு கொத்தை வெள்ளிக்கிழமையே பறித்து வைத்துவிடுகிறேன். ஷபாத் நாளில் செடியிலிருந்து பறிப்பது அவருக்கு விலக்கு. முதியவருக்கு வாங்குபவர்கள் கோபுரத்தைத் தவிர்த்து, மூடி முழுவதும் துளையிட்ட தட்டையான பெட்டியையோ, மூடியைக் கழற்றி நேராக முகரக்கூடிய கண்ணாடிச் சிமிழையோ வாங்குவதே நல்லது.

மெழுகுதிரியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹவ்தலாவில் நெருப்புக்கான ஆசியுரை, நெருப்பின் ஒளிகளைப் படைப்பவரே என்று பன்மையில் அமைந்திருக்கிறது. இதன் சொற்களைக் குறித்து, ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு பண்டைய அறிஞர்களின் மரபினர் வாதிட்டதை, பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. ஒரே நெருப்புக்குள் பல ஒளிகள் இருக்கின்றன என்ற ஹில்லேல் மரபினரின் கருத்தே நிலைத்தது. ஹவ்தலாவுக்குத் தீப்பந்தமே சிறந்தது என்று ரவா என்ற அறிஞர் கூறியதாகத் தல்மூத்தில் வருகிறது. ஆகவேதான் பல திரிகள் ஒரே சுடராக எரியும் பின்னல் மெழுகுதிரி வழக்குக்கு வந்தது. இரண்டு திரிகளின் சுடர்கள் ஒன்று சேர்ந்தாலே போதும் என்பதால்தான் சவ்தா இத்தனை ஆண்டுகளும் இரண்டு மெழுகுதிரிகளைச் சேர்த்துப் பிடித்து வந்தார்.

தொகுப்புடன் வந்தது ஆறு திரிகள் கொண்ட, உருண்டையாகப் பின்னிய பாரஃபின் மெழுகுதிரி. ஏற்றிய உடனே சுடர் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்தது. கரும்புகை வந்தது, உருகிய மெழுகு பக்கவாட்டில் விரைந்து வழிந்து என் விரல்மேல் விழுந்தது. தாங்கியின் குழி இந்த மெழுகுதிரியைவிட அகலமாக இருப்பதால் அதில் நட்டால் சாய்கிறது. பின்னலின் அடியில் தாளைச் சுற்றித்தான் நிறுத்த முடிந்தது. தாங்கியை நாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை; அதைப் பற்றி வேறு சொல்வதற்கும் இல்லை. நான் கையில்தான் பிடித்துக்கொள்கிறேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு பாரஃபினைக் கைவிட்டு, கலிலேயாவின் சஃபேத் நகரத்தில் செய்யப்பட்ட, நான்கு திரிகள் கொண்ட, தட்டையாகப் பின்னிய தேன்மெழுகுத் திரிக்கு மாறினோம். விலை 45 ஷெக்கல். சுடர் பாதி உயரம்தான். ஆனால் அசையாமல், மஞ்சளாக, புகையின்றி எரிகிறது. மெழுகு அதிகம் ஒழுகுவதில்லை. ஒரு சடங்குக்கு நான்கைந்து நிமிடங்களே எரிவதால் ஒரு மெழுகுதிரி பல மாதங்களுக்கு வரும். விலை வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஏற்றுவது யார் என்பதிலும் ஒழுங்கு உண்டு. யூதரல்லாத ஒருவர் தாமாக ஏற்றிய நெருப்பின்மேல் இந்த ஆசியுரையைச் சொல்வதில்லை. தீக்குச்சியை உரசுவது சவ்தாவின் வேலை. புனிதத்தையும் அன்றாடத்தையும் பிரித்தவர் போற்றப்படுக என்ற சிறு வாக்கியத்தை முதலில் சொல்லி, அதன் வழியே ஓய்வுநாளின் தடைகளிலிருந்து வெளியே வந்த பின்னரே அவர் தீப்பெட்டியைத் தொடுகிறார். உலகின் முதல் ஓய்வுநாள் முடிந்து இருள் கவிந்தபோது ஆதாம் இரண்டு கற்களை உரசி நெருப்பை உண்டாக்கினான் என்று தல்மூத்தில் ஒரு கதை இருக்கிறது. அவருடைய விரல்கள் தீக்குச்சியை மூன்று நான்கு முறை தவறவிட்டு மீண்டும் உரசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வருகிறது. ஆறு திரியுள்ள தடித்த மெழுகுதிரி பற்றுவதற்குள் குச்சி எரிந்து தீர்ந்துவிடும்; நான்கு திரித் தட்டைப் பின்னல் ஒரே குச்சியில் பற்றிக்கொள்கிறது. வாங்குபவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒளியால் பயன் கிடைக்காதவரை விளக்கின்மேல் ஆசி கூறலாகாது என்பது மிஷ்னாவின் விதி. அதனால் எல்லோரும் விரல்களை மடக்கிச் சுடரருகே நீட்டி, நகங்களின்மேல் விழும் ஒளியையும் உள்ளங்கையில் விழும் நிழலையும் பார்க்கிறார்கள். மின்விளக்கை அணைத்துவிட்டு நான் சுடரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சவ்தாவின் இரு கண்களிலும் பார்வை குறைந்துவிட்டது. இரண்டு சாதாரண மெழுகுதிரிகளின் வெளிச்சத்தில் அவர் தம் நகங்களை உண்மையில் பார்த்திருக்க முடியாது. பழக்கத்தால் கையை நீட்டிவந்தார். தேன்மெழுகுத் திரியை ஏற்றிய முதல் இரவு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நகம் தெரிகிறது” என்று எபிரேயத்தில் என்னிடம் சொன்னார். இந்தத் தொகுப்புக்கும் அதற்குப் பின் வாங்கியவற்றுக்கும் செலவிட்ட பணத்தில் ஒரு ஷெக்கல்கூட வீண் என்று அதற்குப் பிறகு நான் நினைக்கவில்லை.

முடிவில் சுடரைத் தட்டில் சிந்திய சாற்றில் அணைக்கிறோம். இதில் ஒரு கைப்பழக்கம் தேவைப்படுகிறது. திரிகளைச் சாற்றுக்குள் முக்கினால் அவை சர்க்கரை ஏறி ஊறிப்போய், அடுத்த வாரம் பொரிந்துகொண்டே பற்ற மறுக்கும். திரியின் நுனி மட்டும் சாற்றைத் தொடுமாறு சாய்த்து அணைத்து, உடனே தாளில் ஒற்றி எடுத்து, மறுநாள் கருகிய நுனியைக் கத்தரித்துவிட வேண்டும். அணைந்த இடத்து ஈரத்தை விரலால் தொட்டு இமைகளில் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். தட்டில் உறைந்த மெழுகைக் கத்தியால் சுரண்டியதால் இரண்டு இடங்களில் முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. அது என் தவறு. வெந்நீரை ஊற்றி, மெழுகு இளகியதும் துணியால் துடைத்திருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பிலும் மஞ்சள் நிறம் தலைகாட்டத் தொடங்கியிருப்பதால், மெருகுப் பசையால் அடிக்கடி தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். இந்த விலைக்குள் இருக்கும் முலாம் இவ்வளவு மெல்லியதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆசியுரை அட்டையின் எழுத்துகள் சிறியவை, பொன்னிறத்தில் அச்சிடப்பட்டவை, மெழுகுதிரி வெளிச்சத்தில் படிக்கவே முடியாது. சவ்தாவுக்கு விவிலியத்தின் ஏசாயா நூல் 12ஆம் அதிகாரத்து வரிகள் முதல் அனைத்தும் மனப்பாடம் என்பதால் அது உறையிலேயே கிடக்கிறது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. உயிர்வளிக் குழாய் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது. இழை எரியும் மின்விளக்கின்மேல் ஆசி கூறலாம் என்ற ரபிகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் இன்று எங்கும் எல்இடி விளக்குகளே. சனிக்கிழமை இரவில் இயலாதவர், நெருப்பும் வாசனையும் இன்றி, கிண்ணத்தை மட்டும் வைத்துச் செவ்வாய்க்கிழமை மாலைவரை ஹவ்தலா சொல்லலாம் என்ற சலுகை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை, பேரன் கொண்டுவந்த இதே கிண்ணத்தை அவர் கட்டிலில் சாய்ந்தபடி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அகன்ற அடிப்பாகத்தின் அருமையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

மீண்டும் வாங்க நேர்ந்தால் தொகுப்பாக வாங்கமாட்டேன். அடி அகன்ற, தண்டு குட்டையான கிண்ணம் ஒன்றையும், விளிம்பு உயர்ந்த சாதாரண எவர்சில்வர் தட்டு ஒன்றையும், தேன்மெழுகுத் திரியையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பேன். மொத்தச் செலவு இதைவிடக் குறைவாகவே ஆகும். மூத்தவர் இல்லாத, பார்வையும் கைப்பிடியும் நன்றாக உள்ள வீட்டுக்கு இந்தத் தொகுப்பு அழகான பரிசுதான். தட்டை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் கோபுரம் இப்போது அலமாரியிலிருந்து சனிக்கிழமை இரவில் மட்டும் இறங்குகிறது. ஜாம் புட்டியைச் சவ்தா தூக்கி எறியவில்லை. மாறாமலைக் கிராம்பு அதில்தான் இருக்கிறது. கீறுவதற்கு எடுக்கும் முன்பு, மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துகொள்கிறார்.